வாசலுக்கு வெளியே பதினோரு அடி

கனமான பொருளைத் தூக்கும்போது நான் ஒருநாளும் முதுகை வளைத்ததில்லை. முழங்காலை மடக்கி, சுமையை நெஞ்சோடு அணைத்து, மெதுவாக எழ வேண்டும். எங்கள் அட்டைப்பெட்டித் தொழிற்சாலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுப்பேன். நான் அங்கே பாதுகாப்பு மேற்பார்வையாளன், ஐயா. நீங்கள் கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

வாசலில் ஒரு பலகை இருக்கிறது. ‘விபத்து இல்லாத நாட்கள்’ என்று போட்டு, கீழே ஓர் எண். தினமும் காலையில் பழையதை அழித்துப் புது எண்ணை எழுதுவது நான்தான். மாலையில் வீட்டுக்குள் நுழைந்ததும் என் மகள், "இன்னிக்கு எத்தனைப்பா?" என்பாள். அதற்குப் பதில் சொல்வதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்கு இருந்ததில்லை.

நூற்று நாற்பதாவது நாள் ஒருவர் ஏணியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். அவரை என் காரில் ஏற்றி, அவர் வீட்டு மாடிப்படிக்குக் கீழே படுக்க வைத்தேன். "படியில வழுக்கிட்டேன்னு சொல்லுங்க. சம்பளத்தோட லீவு வாங்கித் தர்றேன்" என்றேன். அப்படியே சொன்னார். பிறகு பழகிவிட்டது. ஒருவருடைய தோள்பட்டை குளியலறையில் இறங்கியது. இன்னொருவருக்கு அடுப்படியில் தீக்காயம் பட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன் என்று நினைக்காதீர்கள். எல்லோருக்கும் வைத்தியம் நடந்தது. நடந்த இடத்தை மட்டும் கொஞ்சம் நகர்த்தினேன்.

அப்புறம்தான் நெட்டையன். பன்னிரண்டு வருடமாக அட்டை வெட்டும் இயந்திரத்தில் நின்றவன். கத்திக்கு முன்னால் இருந்த தடுப்பால் வேலை தாமதமாகிறது என்று மேலாளர் முணுமுணுத்தார். நான் அதைக் கழற்றச் சொன்னேன். மூன்றாம் நாள் நெட்டையனுக்கு இரண்டு விரல்கள் போயின. கார்க் கதவில் நசுங்கியதாகச் சொல்ல அவனும் சம்மதித்தான்.

போன வார விடுமுறையன்று மதியம், லாக்கரில் துணி இருக்கிறது என்று வந்தான். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். நானே கதவைத் திறந்துவிட்டேன். உள்ளே போனவன் இயந்திரத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, உங்க மேல எனக்குக் கோபம் இல்ல. ஆனா எழுதிக் குடுக்கப் போறேன். இப்ப அதுல நிக்கிறது என் மச்சான்."

"ஆயிரமாவது நாளுக்கு இன்னும் எட்டு நாள்தான். அதுவரைக்கும் பொறுத்துக்கடா."

"எட்டு நாள்ல அவன் கையும் போயிடும்ணே."

நியாயமான பேச்சுதான். நான் கோபப்படவில்லை. தலைக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டேன், அது விதி. அவன் குனிந்தபோது பெரிய ஸ்பேனரால் பின்மண்டையில் அடித்தேன். இரண்டாவது அடியில் எலும்பு உள்ளே போனது கைக்குத் தெரிந்தது. எண்ணெய் சிந்தினால் நாங்கள் மரத்தூள் தூவுவோம். ரத்தத்துக்கும் அதையே தூவினேன். யாரும் வழுக்கி விழுந்துவிடக் கூடாது.

அவனுக்கு இன்னும் மூச்சு இருந்தது. அதைப் பார்த்ததும்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முழங்காலை மடக்கி, நெஞ்சோடு அணைத்துத் தூக்கினேன். நடப்பவர்களுக்கான மஞ்சள் கோட்டுக்குள்ளேயே நடந்தேன்.

"ஆஸ்பத்திரிக்காண்ணே?" என்று குழறினான்.

"ஆமாடா" என்றேன்.

வாசலைத் தாண்டிப் பதினோரு அடி எண்ணி, மதிலோரம் இறக்கினேன். கையுறையோடு மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தினேன். நெஞ்சு அடங்கும்வரை கையை எடுக்கவில்லை.

கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் உயிர் போனது வெளியே என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். நேற்றுக் காலை எழுதியது தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றைந்து. இன்று யாரையாவது விட்டு ஒன்று கூட்டி எழுதச் சொல்லுங்கள், ஐயா. சாயங்காலம் என் மகள் கேட்பாள்.