முப்பது பதின்மூன்றான ஞாயிறு

கோப்புகளுக்கு ஒழுங்காகப் பெயர் வைக்காதவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, சார். நான் சேர்ந்தபோது எங்கள் கிளமெண்டி மருத்துவ ஆய்வு அலுவலகத்தில் ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று நாற்பது கோப்புகள் கிடந்தன. எது சரியென்று ஒருவருக்கும் தெரியாது. நான்தான் ‘கிட்’ மென்பொருளைக் கொண்டுவந்தேன். நிரலில் யார், எப்போது, எந்த வரியை மாற்றினாலும் அது பதிந்து வைக்கும்.

பக்கத்து மேசை தர்ஷனாவும் நானும் சேர்ந்தே ஒரு நிரல் எழுதினோம். சிறுநீரகச் செயல்பாடு முப்பதுக்குக் கீழே இறங்கிய நோயாளிகளை அது வாராவாரம் பட்டியலிடும்; தாதிகள் அவர்களைத் தொலைபேசியில் அழைப்பார்கள். ஏழு வருடம், வெள்ளிதோறும் தேக்கா உணவங்காடியில் ஒரே மேசையில் சாப்பிட்டவர்கள் நாங்கள்.

மார்ச் மாதக் கருத்தரங்கில் அவள் மேடையேறி, “இதை நான் உருவாக்கினேன்” என்றாள். என் பெயரே இல்லை. கேட்டேன்.

“ஸ்லைட்ல இடம் பத்தல லா, அருண். இதப் போய் பெருசா எடுத்துக்கிறியா?”

கூட இருந்தே குழி பறிப்பது என்றால் இதுதான். ஆனாலும் நான் சத்தம் போடவில்லை.

கிட்டில் பெயரை நாமே தட்டச்சு செய்யலாம், தேதியையும்தான். அது அடையாள அட்டை கேட்காது. ஞாயிறு காலையில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பது தர்ஷனாவின் பழக்கம். ஆகவே அவள் பெயரில், முந்தின ஞாயிறு காலை பத்து மணி என்று போட்டு, முப்பதைப் பதின்மூன்றாக்கினேன். மாற்றங்களைப் பார்த்து ஒப்புதல் தருபவன் நான்தான். தந்தேன்.

யாராவது கண்டுபிடித்து அவளை நாலு வார்த்தை கேட்பார்கள் என்றுதான் நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. “லிஸ்ட் குட்டியாயிடுச்சு, நல்லதுதான்,” என்று தாதி ரக்ஷனா சிரித்தார். மூன்று மாதம் பொறுத்திருந்தேன். எல்லாவற்றையும் நானே சொல்ல வேண்டுமா என்ன.

ஈசூனில் அண்ணாதுரை என்று ஒரு பேருந்து ஓட்டுநர், ஐம்பத்துநான்கு வயது. முப்பதுக்குக் கீழே இறங்கியும் பட்டியலில் வராததால் அவரை யாரும் அழைக்கவில்லை; அவரும் சிகிச்சைக்கு வரவில்லை. ஜூனில் இறந்துபோனார். பிறகு இன்னும் இரண்டு பேர்.

அலுவலக விசாரணையில் மாற்றங்களின் பதிவை அச்சிட்டு மேசையில் வைத்தார்கள்.

“நான் இதத் தொடவே இல்ல. அருண், நீயாவது சொல்லேன்.”

“பதிவு பொய் சொல்லாது,” என்றேன். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

மறுநாள் அவள் புகைப்படங்களோடு வந்தாள். அந்த ஞாயிறு பத்து மணிக்கு, காத்தோங் செண்பக விநாயகர் கோயிலில் தங்கைக்குத் தாலி ஏறும்போது பட்டுப்புடவையில் பக்கத்தில் நிற்கிறாள். எனக்கு அது எப்படித் தெரியும்? பத்திரிகை வைத்தாளா?

வரியை மாற்றியவன் நான்தான். மூன்று உயிரும் என்னால்தான் போயின. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சார், ஏழு வருடம் கூடவே சாப்பிட்டுவிட்டு, தங்கை கல்யாணத்துக்கு ஒரு வார்த்தை சொல்லாதவளை நீங்கள் ஏன் இன்னும் கூப்பிட்டு விசாரிக்கவில்லை?