மேலே போய்ப் பார்க்க நூறு ரூபாய்

கோலார் தங்கவயலில் பொய் சொல்லாமல் தொழில் செய்கிற ஒரே ஆள் நான்தான் சார். பெருமைக்குச் சொல்லவில்லை. ஒரு ரூபாய் வாங்கினாலும் எதற்கு என்று முன்னாடியே எழுதி மாட்டிவிட்டுத்தான் வாங்குவேன். ரிசப்ஷனில் என் தலைக்கு மேலே அந்தப் போர்டு இருந்தது. தமிழ், கன்னடம், இங்கிலீஷ், மூன்றிலும். உங்கள் கான்ஸ்டபிள் கழற்றும்போது ஒரு மூலை உடைந்துவிட்டது. பரவாயில்லை.

ஆண்டர்சன்பேட்டையில் எங்கள் லாட்ஜின் பெயர் ஷாஃப்ட் வியூ ரெசிடென்சி. ஜன்னலைத் திறந்தால் சுரங்கத்து ஷாஃப்ட் தெரியாது, தங்கம் பிரித்தெடுத்துக் கொட்டிய சைனைடு மண்மேடு தெரியும். அதைப் பார்க்கத்தான் பெங்களூரிலிருந்து கேமராவோடு வருகிறார்கள். அதனால் ஜன்னலுக்கு ஒரு சின்ன கட்டணம் வைத்தேன். மூடியே வைத்திருந்தால் கிடையாது. டிவி ரிமோட் இலவசம், அதற்குள் போடும் பேட்டரிக்குத்தான் காசு. இரண்டாவது தலையணை, வெந்நீர், பார்க்க வரும் சொந்தக்காரர், அறையிலிருந்து அடிக்கும் மணி, எல்லாம் போர்டில் உண்டு. முதலாளி நேசமணி சார் பெங்களூரில் இருக்கிறார். மாதம் ஒருமுறை வந்து கணக்குப் பார்த்துவிட்டு, "திலீப்பு, நீ பெரிய ஆளா வருவே" என்பார்.

காலி செய்யும்போது எல்லாரும் சொல்லிவைத்த மாதிரி ஒரே வசனம்தான். "போர்டைப் பாக்கலையே", "நீங்க சொன்னது காதுல விழலையே". பெரிய படிப்பு படித்தவர்கள்கூட. மனிதனுக்குக் கண்ணும் காதும் பில் வரும் நேரத்தில் மட்டும் எப்படிப் பழுதாகிறது என்று நான் யோசித்திருக்கிறேன். எனக்கு அந்த ரகத்தைக் கண்டாலே இளக்காரம். பார்த்தேன், கேட்டேன், காசு கொடுக்க மனசில்லை என்று சொல்கிறவனுக்குப் பாதியைக் கழித்துவிடலாம் என்றிருந்தேன். இன்றுவரை ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்தக் காலத்தில் லாட்ஜ் போனில் யார் பேசுவார்கள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. முன்பெல்லாம் யாரும் பேசவில்லை. அறைக்கு அறை போன் வைத்திருந்தோம், பல்லி முட்டையிட்டது. போன வருடத்திலிருந்து எல்லாரும் பேசுகிறார்கள். காரணம், மாடியில் டவர் கிடைப்பதில்லை. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், கல் சுவர். அதனால்தான் என்று வருகிறவர்களே சொல்லிக்கொள்வார்கள். "சுவர் தடிமன்தான் சார்" என்பேன். தடிமன்தான், நீங்களே பார்த்தீர்கள். மாடி வராந்தாவின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் என்ன இருக்கிறது என்று ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பதை இப்போது சொல்வது கஷ்டம்.

ஜாமர்தான் சார். சோப்பு டப்பா அளவுகூட இருக்காது. பெங்களூரில் வாங்கினேன். ரிசப்ஷன் வரைக்கும் எட்டாது. ஏனென்றால் ரிசப்ஷனில் ஜிபே வேலை செய்ய வேண்டும்.

பெரியசாமி ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். மைன்ஸ் மூடின பிறகு ஊரை விட்டுப்போய் மகளோடு ஓசூரில் இருக்கிறார். இங்கே பக்கத்தில் கோரமண்டலில் கூட்டாளி வீட்டுக் கல்யாணம், மறுநாள் முகூர்த்தம். கல்யாண வீட்டில் கூட்டம், அதனால் லாட்ஜ். கையில் ஒரு துணிப்பை, அதில் பட்டு வேட்டி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"இங்கதான் பெரிப்பா. ஸ்கெலட்டன் லைன் வீடு."

"யார் மவன்?"

"பேங்க்ஸ்மேன் வேலு மவன்."

ஷாஃப்ட் வாயில் நின்று கூண்டை ஏற்றி இறக்க மணி அடிப்பவர்தான் பேங்க்ஸ்மேன். பெரியவர் முகம் மலர்ந்துவிட்டது. "வேலு மவனா! உங்கப்பன் அடிச்ச மணியிலதான் நான் எத்தினி தபா மேல வந்திருக்கேன் தெரியுமா? அப்ப உனக்கு மணியெல்லாம் தெரியும்."

தெரியும். எங்கள் வீட்டில் பேச்சைவிட மணிதான் அதிகம். அப்பா சாப்பிடும்போது டம்ளரால் தட்டில் இரண்டு தட்டினால் அம்மா சோறு கொண்டுவர வேண்டும். ஒன்று தட்டினால் போதும். நாங்கள் பேசிப் பழகும் முன்னால் தட்டிப் பழகியவர்கள்.

போன் அட்வான்ஸ் கேட்டேன். கட்டினால்தான் அறை போனுக்கு வெளி லைன் திறப்பேன்.

"இன்னாத்துக்கு? எங்கிட்டதான் செல்லு கீதே."

"மேல டவர் வராது பெரிப்பா. சுவர் தடிமன்."

அவர் போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். ஹாலில் உட்கார்ந்திருந்த வீடியோ எடுக்கும் பையன்கள் இரண்டு பேர் வேடிக்கை பார்த்தார்கள்.

"இன்னாப்பா இது, கீழயும் அதே கல்லுதான். இங்க வருது, படி ஏறினா செத்துப்போவுது?" என்றார். கோபமே இல்லை. "என் பொண்ணு டவர் கம்பெனிலதான் வேலை. நாளைக்குக் கல்யாணத்துக்கு வருது. பாக்கச் சொல்றேன். உனக்கும் நல்லதுதானே, கஸ்டமர் வருவாங்க."

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் அட்வான்ஸ் கட்டவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள் சார், நான் கட்டாயப்படுத்தவில்லை.

மத்தியானம் பையன்கள் வெளியே போய்விட்டார்கள். பெருக்குகிற பாக்யலட்சுமி சாப்பிடப் போய்விட்டாள். மழை பிடித்துக்கொண்டது. மாடியில் அவர் ஒருவர்தான். அப்போது அவர் அறை மணி அடித்தது. ரிசப்ஷனில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரியும், கூடவே பஸ்ஸர். வெந்நீர் கேட்கிறார் என்று நினைத்தேன். மணிக்குக் கட்டணம் உண்டு என்று காலையிலேயே சொல்லியிருந்தேன்.

மூன்று அடித்தது. நின்றது. மறுபடி மூன்று.

அப்பா வேலை பார்த்த ஷாஃப்ட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்கள் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளலாம், ஆனால் நானே சொல்லிவிடுகிறேன். அடிபட்ட ஆள் கூண்டில் கீறான், மெதுவாகத் தூக்கு. கீழேயிருந்து அந்த மணி வந்துவிட்டால் மேலே இருக்கிறவர்கள் யார், எவர் என்று கேட்க மாட்டார்கள். ஸ்கெலட்டனில் சோற்றுக் கையோடு ஓடியிருக்கிறார்கள். பேச்சுவார்த்தை இல்லாத குடும்பத்துக்காரனுக்கும் ஓடுவார்கள். அதில் விதிவிலக்கு கிடையாது.

பெரியவருக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. செல்லில் முயற்சி செய்திருக்கிறார், போகவில்லை. அறை போனை எடுத்திருக்கிறார், வெளி லைன் பூட்டியிருக்கிறது. கத்த முடியவில்லை போலிருக்கிறது. கீழே வேலு மவன் உட்கார்ந்திருக்கிறான் என்ற தைரியத்தில் அப்படி அடித்திருக்கிறார். வேறு ஊர்க்காரன் என்றால் விரலை எடுக்காமல் அழுத்தியிருப்பான். சத்தம் தாங்காமல் நான் எழுந்து போயிருப்பேனோ என்னவோ.

நான் யோசித்தேன். ஒருத்தருக்காக விதியைத் தளர்த்தினால் அடுத்தவரிடம் எந்த முகத்தோடு கேட்பது? அவர் போனை எடுத்து, "தம்பி, கட்டுறேன், லைனைத் திற" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று காத்திருந்தேன். உள்ளுக்குள் பேச அந்தப் போனுக்குக் கட்டணம்கூடக் கிடையாது. மூன்று, மூன்று என்றுதான் வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் லேண்ட்லைன் அடித்தது. அவர் மகள் அன்புச்செல்வி.

"அண்ணா, அப்பாவுக்கு போன் போகவே மாட்டேங்குது. காலைல மாத்திரை போட்டாரான்னு தெரியல. கொஞ்சம் மேல போய்ப் பாத்துட்டு சொல்றீங்களா?"

"பாக்கலாம் மேடம். ரூம் செக்கிங் சார்ஜ் நூறு ரூபா ஆவும்."

"இன்னா அண்ணா, பாத்துட்டு வர்றதுக்கா?" என்றாள். ஒரு நொடிதான். "சரி, நம்பர் சொல்லுங்க, இப்பவே போடுறேன். சீக்கிரம் போங்க."

போட்டுவிட்டாள். கவுண்ட்டரில் இருக்கும் ஜிபே டப்பா நூறு ரூபாய் வந்துவிட்டது என்று அழகான பெண் குரலில் அறிவித்தது. அதற்கு நடுவிலும் விளக்கு எரிந்து அணைந்தது. இப்போது மூன்றுக்கும் மூன்றுக்கும் நடுவே இடைவெளி கூடிக்கொண்டே போனது.

நான் எழுந்தேன். மாடிப்படி வரைக்கும் போனேன். அங்கே நின்றால் வராந்தா சீலிங் தெரியும். ஆம்புலன்ஸ் வந்தால் ஸ்ட்ரெச்சர் வரும், நாலு பேர் வருவார்கள், நாலு பேரும் போன் எடுப்பார்கள். நாளைக்கு இந்தப் பெண்ணும் வந்து நிற்பாள். இதை நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. தெரிந்தது, அவ்வளவுதான். கொள்கைதான் காரணம் என்று முதலிலேயே சொன்னேன், அதில் மாற்றமில்லை.

போய்விட்டு வருகிற நேரம் ஆகட்டும் என்று நின்றேன். திரும்பி வந்து ரிசீவரை எடுத்தேன்.

"நல்லாத் தூங்குறாரு மேடம். ஃபேன் போட்டுக்கினு படுத்திருக்காரு."

"அப்பாடா. ரொம்ப தாங்க்ஸ் அண்ணா. எழுப்பாதீங்க."

எழுப்பவில்லை. மணியும் அதன்பின் ஒருமுறைதான் வந்தது. அது முழுசாக மூன்றுகூட இல்லை.

மழை விட்டதும் டீ எடுத்துக்கொண்டு மேலே போனேன். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே உட்கார்ந்த மாதிரி இருந்தார். கை மணி ஸ்விட்ச்சுக்குப் பக்கத்தில். பட்டு வேட்டியைப் பிரித்து மெத்தை மேல் போட்டிருந்தார், மடிப்பு போகட்டும் என்று. கையைத் தொட்டுப் பார்த்தேன். டீயை மேசையில் வைத்துவிட்டு, ஸ்டூல் போட்டு ஏறி, சீலிங்குக்குள் கையை விட்டு முதலில் அந்தப் பெட்டியை அணைத்தேன். 108-க்கு அதற்கு அப்புறம்தான்.

அணைத்த உடனே அறைக்குள்ளிருந்து சத்தம் வந்தது. ஸ்டூலிலிருந்து விழப் பார்த்தேன். அவர் போன்தான். அத்தனை நேரம் மேலே வர முடியாமல் நின்றிருந்த மகளின் மெசேஜ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன. 'அப்பா சாப்ட்டியா', 'மாத்திரை', 'போன் எடு', 'அப்பா', 'தூங்குறியாம், சரி தூங்கு'. அவள் அதை வைத்துத்தான் உங்களிடம் வந்தாள் என்று கேள்விப்பட்டேன். எல்லாம் எப்படி ஒரே நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது என்று கேட்டிருக்கிறாள். டவர் கம்பெனிப் பெண்ணல்லவா.

ஆக, பெட்டியை வைத்தது நான். லைனைப் பூட்டியது நான். மணியின் அர்த்தம் தெரிந்து உட்கார்ந்திருந்தது நான். பார்க்காமலே தூங்குகிறார் என்று சொன்னதும் நான். நூறு ரூபாயை அவளுக்கே திருப்பிப் போட்டுவிட்டேன், சேவை கொடுக்காமல் காசு வைத்துக்கொள்வது தப்பு. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஒன்றே ஒன்று பாக்கி. நீங்கள் கூப்பிடும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன் அல்லவா, அப்போது அன்புச்செல்வி வந்து எதிரே நின்றாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. அப்பாவின் துணிப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு," என்றாள். "எங்கப்பா மணி அடிச்சாரா?"

அவள் முகத்தைப் பார்த்தேன். பிறகு தரையைப் பார்த்தேன்.

"எனக்குக் காதுல விழலையேக்கா," என்றேன்.