ஒத்துக்காரரின் மூச்சில் பிழைத்த மீன்கள்

கடல்மீன் வளர்ப்பவனுக்கு நல்ல பெயர் வாங்குவது சுலபம். வீட்டுக்கு வருகிறவர்கள் செருப்பைக் கழற்றியதும் நேரே தொட்டி முன்னால் போய் நின்றுவிடுவார்கள். அப்புறம் நம்மிடம் குறை கண்டுபிடிக்க யாருக்கு நேரம்? பம்பாய் மாதுங்காவில் குளத்துமீன் வைத்திருப்பவர்கள் சிலர் உண்டு. உப்புத்தண்ணீரில் மீனை உயிரோடு வைத்திருந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். மாஹிம் கரையில் கோலி மீனவர்கள் வலையில் சிக்கும் மஞ்சள் வரி மீன்களை எனக்கென்று எடுத்து வைப்பார்கள். கடல்தண்ணீரும் அங்கிருந்துதான், கண்ணாடி ஜாடிகளில் வரும். ஆபீசில் பிரம்மநாயகம் என்ற என் பெயரையே மறந்து 'மீன்காரர்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு அதில் ஏகப் பெருமை.

வெயிலுமுத்து எப்படிச் செத்தார் என்று கேட்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. சொல்கிறேன். ஆனால் பம்பிலிருந்து ஆரம்பித்தால்தான் உங்களுக்கு விளங்கும்.

தொட்டிக்குக் காற்று ஊதுவது ஒரு சின்ன மின்சார பம்பு. உள்ளே ஒரு ரப்பர் சவ்வு படபடவென்று அடித்துக்கொண்டே இருக்கும். ரப்பர் குழாய் வழியாகக் காற்று போய்த் தண்ணீரில் குமிழி விடும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சவ்வு கிழிந்தது. குமிழி நின்றது. கொஞ்ச நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. தாராவியில் பட்டறை வைத்திருக்கும் ரஹ்மத்துல்லாவைக் கூப்பிட்டுப் பம்பைக் கொடுத்தேன். சாயங்காலம் ஆகும் என்று சொல்லி எடுத்துப் போனார். அதுவரை என்ன செய்வது? சைக்கிள் பம்பால் அடித்துப் பார்த்தேன். கை கழன்றுவிடும்போல் இருந்தது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. வந்ததும் எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். யாரும் கவனிப்பதில்லை. அவருக்கு ஒரே ஸ்வரம்தான். வித்துவான் நிறுத்துவார், வெற்றிலை போடுவார், பேசுவார். ஒத்து மட்டும் அறுபடக் கூடாது. கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் விட்டுக்கொண்டே மூக்கால் மூச்சை இழுப்பார்கள். கடையில் எந்த பம்பு இப்படி வேலை செய்யும்?

வெயிலுமுத்து எங்கள் ஊர்ப் பக்கத்து ஒத்துக்காரர். தாராவியில்தான் இருந்தார். அந்த மழைக்காலத்தில் அவருக்கு நெஞ்சில் நீர் கோத்து, இனி மூன்று மாதம் ஊதக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அது தெரியும். டாக்டரிடம் கூட்டிப் போனதே நான்தான். நாதஸ்வர செட்டில் அவருடைய இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். மனிதர் முகம் தொங்கிப்போய் வீட்டோடு கிடந்தார். நேரே அவரிடம் போய், பம்பு வரும்வரை என் தொட்டிக்குக் காற்று ஊத வருகிறீரா என்று கேட்டேன்.

"டாக்டரு ஒத்தத் தொடக் கூடாதுன்னுட்டாருல்லா, அண்ணாச்சி" என்றார்.

"ஒத்தத்தானவே தொடக் கூடாது? இது ரப்பர் குழாய்லா. சத்தமே கிடையாது. டாக்டருக்குக் கேக்கவா போகுது?"

அவர் சிரித்த சிரிப்பில் இருமலே வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கூடவே வந்தார்.

தொட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டேன். குழாயை வாயில் வைத்தார். ஐயா, அந்தக் குமிழியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பம்பு விடுவது பொடிப்பொடியாக இருக்கும். இது முத்துமுத்தாக, அறுபடாமல் வந்தது. மீன்கள் கீழே இறங்கி விளையாட ஆரம்பித்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. மாடிவீட்டுக்காரர்கள் வந்தார்கள், எதிர்வீட்டுக்காரர்கள் முறுக்குத் தட்டோடு வந்தார்கள். ஒருவர் தொடையில் தாளம் போட்டார். இன்னொருவர் மூச்சு எந்த இடத்தில் வாங்குகிறார் என்று கண்டுபிடிக்கிறேன் பேர்வழி என்று வெயிலுமுத்துவின் மூக்கருகே கண்ணை வைத்துப் பார்த்தார். வீடு கல்யாண வீடாகிவிட்டது. என் கல்யாணத்தில்கூட நான் அப்படிச் சிரித்ததில்லை.

மத்தியானத்துக்கு மேல் விருந்தாளிகளுக்கு சோடா வாங்கப் படி இறங்கினேன். கீழ்ப்படியில் ரஹ்மத்துல்லா பம்போடு ஏறிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரமே முடிஞ்சிட்டு, அண்ணாச்சி. சைக்கிள் டியூப்ல துண்டு வெட்டிப் போட்டேன். ஓட்டியும் பாத்தாச்சு, ஏக்தம் ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"சந்தோசம். நானே மாட்டிக்கிடுதேன், நீங்க போங்க" என்றேன்.

பம்பைத் துண்டில் சுற்றிக்கொண்டுபோய் பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். ஏன் என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். தாலி கட்டுவதற்கு முன்னால் பந்தலைப் பிரிக்கிறவன் உண்டா? தாதரிலிருந்து என் ஆபீஸ் மேனேஜர் வேறு பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். பம்பைப் பார்க்கவா அவர் வருவார்?

என் மனைவி கோமதி அடுப்படிக்குக் கூப்பிட்டாள். "அவரு உதடு கறுத்துட்டு வருது. போதும்னு சொல்லுங்க."

"நிறுத்துனா மீனு செத்துரும்லா" என்றேன். "மேனேஜர் வந்து பாத்துட்டுப் போட்டும்."

மேனேஜர் வந்தார், பார்த்தார், கையைப் பிடித்துக் குலுக்கினார். என் கையை. அவர் முறுக்கைக் கடித்துக்கொண்டிருக்கும்போது குமிழி நின்றது. வெயிலுமுத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். களைத்துப்போய்த் தூங்குகிறார் என்று எல்லோரும் மெதுவாகப் பேசினார்கள். நான் ஓடிப்போய் பீரோவைத் திறந்து பம்பை எடுத்துவந்து மாட்டினேன். மீன்கள் ஒன்றுகூடச் சாகவில்லை. அதற்கு அப்புறம்தான் அவரைத் தொட்டுப் பார்த்தேன். பம்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கோமதி பார்த்துக்கொண்டே நின்றாள். உங்களிடம் வந்து சொன்னவள் அவள்தான் என்று தெரியும். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை.

நான் அவரைக் கட்டிப் போடவில்லை. கதவைப் பூட்டவில்லை. மணிக்கொரு தரம் காப்பி வேண்டுமா என்று கேட்டேன். குழாயை விடாமலே தலையை ஆட்டிவிட்டார். மேனேஜர் வருவதற்குச் சற்று முன்னால் ஒரே ஒரு தடவைதான் குழாயை வாயிலிருந்து எடுத்தார். என்னைப் பக்கத்தில் குனியச் சொன்னார். குரல் வரவில்லை.

"பம்பு வந்துட்டா, அண்ணாச்சி?"

"இன்னும் வரலவே" என்றேன். "உம்ம விட்டா இந்த மீனுகளுக்கு ஆளு இல்ல."

தன்னை இன்னும் ஒருவருக்கு வேண்டியிருக்கிறது என்று கேட்டதும் அந்த மனிதர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நீங்கள் பார்க்கவில்லை, ஐயா. பார்த்திருந்தால் நீங்களும் அதையேதான் சொல்லியிருப்பீர்கள்.