நான் போடாமல் விட்ட ஃபைன்

நாற்காலி போடுவதிலிருந்து மைக் கட்டுவதுவரை தானே முன்னின்று செய்துவிட்டு, ஒன்றுமே செய்யாதவர்போல் தலைமை நாற்காலியில் அமர்ந்திருக்கும் அண்ணன் பெருமாள்சாமி அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்துவிட்ட என் தாய்மார்களே, ஸ்ரீராம்புரத்தில் சந்துக்குச் சந்து என்னை நிறுத்தி நலம் கேட்கும் சகோதரர்களே, உங்கள் எல்லோரையும் வணங்கி நிற்கிறேன்.

மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள் தம்பி. போதும். முப்பத்தைந்து வருடம் சிக்னலில் நின்ற கால்கள் இவை. புகையைக் குடித்து, புழுதியைத் தின்று, விசில் ஊதி ஊதி வறண்டுபோன தொண்டை இது. போன மாதக் கடைசியில்தான் டிராஃபிக் போலீஸ் சட்டையைக் கழற்றினேன். களைத்துப்போயிருக்கிறேன் ஐயா. குரல் வருகிறவரை பேசுகிறேன்.

ரிட்டயர் ஆன என்னைப் பாராட்டி எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். இந்தக் கன்னட ஊரில் மதலைமுத்து ஏ.எஸ்.ஐ. நம்மவர், இன்சூரன்ஸ் முடிந்திருந்தாலும் எமிஷன் சர்டிபிகேட் காலாவதியாகியிருந்தாலும் தமிழில் ஒரு வார்த்தை பேசினால் விட்டுவிடுவார் என்றார்கள். நீங்களும் கை தட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அடக்கம் இல்லை, அவமானம்.

அதிகாரம் என்றால் என்ன? கான்ஸ்டபிளாக இருந்த காலமெல்லாம் கையை நீட்டி வண்டியை நிறுத்தத்தான் முடிந்தது. தோளில் நட்சத்திரம் ஏறிய பிறகுதான் ஃபைன் போடும் மெஷின் என் கைக்கு வந்தது. வண்டி நம்பரைத் தட்டினால் போதும், எந்தச் சீட்டு எந்தத் தேதியோடு முடிந்தது என்று காட்டிவிடும். நிறுத்துவது அதிகாரமா? எழுதுவது அதிகாரமா? எனக்கோ விடுவதுதான் பெரிய அதிகாரமாகத் தெரிந்தது. அதுவரை கன்னடத்தில் கெஞ்சியவர், என் சட்டையில் இருக்கும் பெயரைப் படித்துவிட்டுச் சட்டென்று 'அண்ணா' என்பார் பாருங்கள், அதில் எனக்கு உச்சி குளிர்ந்துவிடும். விட்டேன். காசு வாங்காமல் விட்டேன். கணக்குப் பார்க்காமல் விட்டேன்.

சிரிக்கிறீர்கள். விட்டவர்களில் பாதிப்பேர் இங்கேதான் இருக்கிறீர்கள், எனக்குத் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஏழேகால் மணி. ஒரு சரக்கு ஆட்டோவை நிறுத்தினேன். இன்சூரன்ஸ் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. ஓட்டி வந்தவர் வண்டிக்குச் சொந்தக்காரர். "பிட்பிடி சார்" என்று கன்னடத்தில் விடச் சொல்லிக் கெஞ்சினார். அப்புறம் என் பெயரைப் படித்தார். "அண்ணா, நம்மாளா நீங்க? சாயங்காலமே கட்டிடறேண்ணா" என்றார். நான் மெஷினை மடக்கி வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினேன்.

பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த திருப்பத்தில் தெருப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்மேல் அந்த வண்டி ஏறியது, நிற்காமல் போயிற்று. யார் அந்தப் பெண்? இதோ, தாய்மார்கள் பக்கம், ஓரத்து நாற்காலியில் ஊன்றுகோலோடு உட்கார்ந்திருக்கிறாரே, நம் பாஞ்சாலி. வலது கால் முழங்காலுக்குக் கீழே போயிற்று. வேலையும் போயிற்று.

விழுந்து கிடந்தபோதும் வண்டி நம்பரை மனதில் பிடித்துக்கொண்டார் பாஞ்சாலி. நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். சொந்தக்காரர் என்ன சொன்னார் தெரியுமா? இன்சூரன்ஸ் முடிந்த வண்டியை நான் எதற்கு ரோட்டுக்கு எடுக்கப்போகிறேன், அன்றைக்கு அது ஷெட்டில் நின்றது என்றார். காலாவதியான இன்சூரன்ஸ் சீட்டையே தனக்குச் சாட்சியாக்கிக்கொண்டார். அந்தத் திருப்பத்தில் காமிரா இல்லை. பார்த்தவர் யாரும் இல்லை. நான் ஃபைன் போட்டிருந்தால்? நம்பர், இடம், மணி, நிமிஷம், எல்லாம் மெஷினில் பதிந்திருக்கும். அந்த ஒரு ஃபைன் சீட்டு போதும், ஷெட்டில் நின்றது என்று யார் வாய் திறந்திருப்பார்கள்? நான் இரக்கம் என்று நினைத்து, பாஞ்சாலிக்கு இருந்திருக்க வேண்டிய ஒரே சாட்சியைப் பறித்துவிட்டேன்.

வண்டிக்காரர் பெயரா கேட்கிறீர்கள்? கோர்ட்டில் சொல்கிறேன். மேடையில் வேண்டாம்.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்தேன். நாலு மாதம் கழித்து, ஊன்றுகோலோடு பாஞ்சாலி என் சிக்னலுக்கே வந்தார். "அண்ணா, அன்னிக்குக் காலைல நீங்கதான இங்க டியூட்டி? அந்த வண்டி போனதப் பாத்தீங்களா?" என்று கேட்டார். நான், "இல்லம்மா" என்றேன். ஏன் சொன்னேன்? விசாரணை வரும், சஸ்பென்ஷன் வரும், பென்ஷன் போகும், நல்லவன் என்ற பெயர் போகும். பயந்தேன். வெயிலில் நிற்கிறாரே என்று என் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். குடித்துவிட்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த நன்றி இன்றுவரை என்னைத் தூங்க விடவில்லை.

ரிட்டயர் ஆகிவிட்டீர்கள், இனி எதற்கு சார் இதெல்லாம் என்கிறார் பின்னால் ஒருவர். இதுதான் தம்பி நம் வியாதி. கண்டிப்பாக இருந்தால் கெட்டவன், கண்ணை மூடிக்கொண்டால் நல்லவன். நம்மவர் என்று ஒருவரை விட்டேன். பாஞ்சாலி நம்மவர் இல்லையா? அவர் பேசுவது தமிழ் இல்லையா? வண்டி ஏறியபோது எந்த மொழியில் அலறியிருப்பார்?

நேற்று அவருடைய வக்கீலைப் பார்த்தேன். வரும் வியாழக்கிழமை சாட்சி சொல்கிறேன். என் பென்ஷனில் கை வைப்பார்கள் என்று வக்கீலே எச்சரித்தார். வைக்கட்டும். இனி உங்களை ஒருவர் நிறுத்தினால் தமிழா என்று கேட்காதீர்கள். சீட்டைக் காட்டுங்கள், இல்லையென்றால் ஃபைனை வாங்கிக்கொள்ளுங்கள்.

பாஞ்சாலி, உன்னிடம் மன்னிப்புக் கேட்க மாட்டேன். கேட்டால் கொடுத்துவிடுவாய் என்று பயமாக இருக்கிறது. நீ கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். பார்த்தேன் அம்மா. நிறுத்தினேன். போகச் சொன்னது நான்தான்.

இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் நன்றி. தலைவர் அனுமதித்தால், கீழே இறங்கி அந்த ஓரத்து நாற்காலிப் பக்கம் போகிறேன். வணக்கம்.