ஆறாம் பாகம், ஏழாவது பாட்டன்

...வாத்தா ஆக்கிட்டான்மா, வாத்தா. ஆறு பாகமா நாம காத்துக்கிட்டு இருந்தது எதுக்கு? உல்பலா தலையில கல்யாணக் குல்லாவைப் பார்க்கத்தானே? இதை எழுதறவன் என்ன பண்றான், குல்லாவை வைக்கப் போற நேரத்துல அவளைக் காட்டு வாத்தா மாத்தி வடக்குப் பக்கம் பறக்க விட்டுட்டான். மாப்பிள்ளை தர்லான் சிறகுக் குதிரை மேல ஏறிப் பனிக்கடலுக்குப் போயிட்டான். முடிஞ்சுது கதை. எட்டு வருஷமா படிச்சதுக்கு இதுதான் மரியாதை. தலையை நிமிர்த்தும்மா... இன்னும் கொஞ்சம்... ஆங், அப்படியே இரு. சாயம் ஊறட்டும், அதுவரைக்கும் ஆடாத.

நீ படிச்சிட்டியா? படிச்சிருப்ப. இந்தக் கரகந்தா ஊர்ல 'இரும்பு வாசல்' படிக்காத ஆள் யாரு. என் கடையில வந்து உட்கார்றவங்க முடியைப் பத்தியா பேசறாங்க? போன வாரம் ஒரு டீச்சரம்மா, உல்பலா உல்பலான்னு குலுங்கிக் குலுங்கி அழுதா. நான் கத்தரியோட நிக்கறேன். முன்முடி கோணலாப் போயிடுச்சு. அதுக்கும் என்னைத்தான் திட்டிட்டுப் போறா. அடுத்து வந்தவ போலீஸ்காரர் பொண்டாட்டி. அவளுக்குத் தர்லானும் வேண்டாம், உல்பலாவும் வேண்டாம், குதிரைதான் கவலை. "குல்யாஷ் அக்கா, மூணு பாகமா அந்தக் குதிரை பறக்குது, ஒரு பிடி வைக்கோல் போட்டானா இவன்?"னு என்கிட்ட சண்டைக்கு வர்றா. நானாம்மா எழுதினேன்? நுர்லிபெக்னு அட்டையில பேர் போட்டிருக்கே, அவன்கிட்ட போய்க் கேளு.

எங்க மாடியில ஒருத்தர் இருக்கார், சுரங்கத்துல இருந்து ஓய்வு பெத்தவர். அவர் நாலாம் பாகத்தைப் பாதியிலயே வச்சிட்டார். ஏன்னு கேட்டா, பாதாள ராஜ்யத்துல காத்துப் போக்குக்குக் குழியே இல்லையாம். அத்தனை தீப்பந்தம் ஏத்தினா முதல் நாளே வாயு சேர்ந்து வெடிச்சிருக்குமாம், அரக்கன் எப்படி ஐந்நூறு வருஷம் உள்ள இருந்தான்னு கேட்கறார். என்ன பதில் சொல்றது நான்? அரக்கன் மூச்சை அடக்கிக்கிட்டு இருந்தான் மாமான்னேன்.

எனக்குப் பிடிக்காதது வேற. அந்த வாத்துக்கு முன்னாடி கல்யாண விருந்து வருது பாரு, ஒன்பது பக்கம். தேனாம், பழமாம், பூ மிதக்கற பானமாம். குதிரைக்கறி எங்கேன்னு கேட்கறேன். கசாக் கல்யாணத்துல ஒரு தட்டு குதிரைக்கறி இல்லாம சம்பந்தி வீட்டுக்காரன் உட்காருவானா? நான் வாத்தா இருந்தா நானும்தான் பறந்திருப்பேன்.

உன் பேரு என்ன சொன்ன? அகெர்கே. நல்ல பேரு. ஏம்மா அகெர்கே, நீ வாயே திறக்க மாட்டியா? சரி சரி, எனக்கு இப்படி இருக்கறவங்கதான் பிடிக்கும்.

என்ன வயித்தெரிச்சல்னா, இந்த ஆறாம் பாகத்துக்கு எல்லாரும் யாரைத் திட்டறாங்க தெரியுமா? எழுதினவனை இல்ல. நெட்டுல வாசகர் பக்கம்னு ஒண்ணு இருக்கு, கருத்து எழுதறது. அதைத் திறந்தா போதும். 'எல்லாம் அந்தக் கரகந்தாக்காரியால வந்த வினை', 'அந்தக் கரகந்தாக்காரிக்கு வேற வேலை இல்லையா', 'அந்தக் கரகந்தாக்காரி வாயில மண்ணு விழ'. ஒருத்தன் பாட்டே கட்டியிருக்கான்மா. எதுகை மோனையோட.

ம். நான்தான்.

முழிக்காத. நான்தான் அந்தக் கரகந்தாக்காரி. என்ன, உனக்கு முன்னாடியே தெரியுமா? யார் சொன்னா? சரி விடு, ஊரே சிரிக்குது, இதுல உனக்கு மட்டும் தெரியாம இருக்குமா.

நான் என்ன இல்லாததையா சொன்னேன்? நீயே நியாயம் சொல்லு. ரெண்டாம் பாகத்துல இரும்பு வாசல்கிட்ட தர்லான் நிக்கறான். ஏழு பாட்டன் பேரையும் சொன்னாத்தான் கதவு திறக்கும். சொல்றான், வரிசையா, அப்பாவுல இருந்து. அஞ்சாம் பாகத்துல கழுகுகிட்ட உல்பலா மாட்டிக்கறா. அவளும் தன் ஏழு பேரைச் சொல்றா. எல்லாரும் கழுகு அவளைக் கொத்துமா கொத்தாதான்னு படபடன்னு பக்கத்தைத் திருப்பிட்டுப் போறாங்க. நான் அடுப்புல பாலை வச்சிட்டு நின்னுக்கிட்டே படிக்கறேன், எனக்கு என்னவோ உறுத்துது. பழைய பாகத்தை எடுத்துட்டு வந்து பக்கத்துல வச்சுப் பார்த்தா, ஏழாவது பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணு! பால் பொங்கி வழிஞ்சுது, நான் அணைக்கலை.

ஏழு தலைமுறைக்குள்ள ஒரே பாட்டன் வந்துட்டா ரெண்டு பேரும் அண்ணன் தங்கச்சி. கட்டிக்கக் கூடாது. இது நான் கண்டுபிடிச்ச சட்டமா? நம்ம ஜனங்க எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே? அதைத்தான் எழுதினேன். 'ஐயா நுர்லிபெக், நீங்க கல்யாணம் பண்ணி வைக்கப் போறது அண்ணனுக்கும் தங்கச்சிக்கும், கொஞ்சம் வெட்கப்படுங்க'ன்னு. அவ்வளவுதான். காலையில எழுந்து பார்த்தா நாலாயிரம் பேர் அதைப் பிடிச்சுத் தொங்கறாங்க. தூ தூன்னு துப்பறவன் ஒரு பக்கம், உல்பலாவைத் தத்துப் பிள்ளையா ஆக்கிடலாம்னு வழி சொல்றவன் ஒரு பக்கம். மந்திரத்துல ரத்தத்தை மாத்திடலாம்னு ஒருத்தி. இதுல தாடிக்காரர் ஒருத்தர் எனக்கு வாழ்த்து வேற அனுப்பினார், 'தங்கையே, நம் மானத்தைக் காத்தாய்'னு. மனசுக்குள்ள குளிர்ந்துதான் போச்சு, பொய் சொல்வானேன்.

அவன் அதுக்கு பயந்துக்கிட்டு வாத்தாக்கிட்டான். முதுகெலும்பு வேண்டாமா ஒரு எழுத்தாளனுக்கு? நான் ஒரு முடி வெட்டறவ சொன்னேன்னு கதையை மாத்துவானா? மாத்தினதுதான் மாத்தினான், வேற நல்ல பையனா பார்த்து அவளைக் கட்டிக் கொடுக்கறது...

ஏம்மா, கண்ணு கலங்குது. சாயம் எரியுதா? இல்லையா? இந்தா, துணி. உனக்கும் அந்த ஜோடியைப் பிடிக்கும் போல. எனக்கும்தாம்மா பிடிக்கும். வெளிய சொன்னா சிரிப்பாங்க, அந்த வாத்துப் பக்கத்தைப் படிச்சிட்டுக் குளியலறையில போய் அழுதேன். நானே கத்தி வச்சேன், நானே அழறேன்.

அதை விடு, புத்தகம்தானேன்னு விட்டுடலாம். என் பையனை நினைச்சாத்தான்... சஞ்சர்னு பேரு. ஒரே பிள்ளை. அனல் மின் நிலையத்துல எஞ்சினியர், இந்தச் சுவர் ஓரத்து ரேடியேட்டர்ல அறைக்கு வர்ற சூடு இருக்கே, அவன் அனுப்பறதுன்னு வச்சுக்கோ. முப்பது தாண்டிடுச்சு. போன இலையுதிர் காலத்துல வந்து, "அம்மா, வசந்தத்துக்குள்ள ஒரு பொண்ணைக் கூட்டிட்டு வர்றேன், இப்பப் பேர் கேட்காத"ன்னான். நான் அன்னிக்கே திரைச்சீலை எல்லாம் துவைச்சுப் போட்டேன். அப்புறம் இந்தக் கருத்து விவகாரம் வந்துது. அவனுக்கும் அந்தப் புத்தகம்னா உசிரு, ஒவ்வொரு பாகமும் முதல் நாளே வாங்கிடுவான். சமையலறையில உட்கார்ந்து என்கிட்ட வாதாடறான், "ஏழாவதுலதானேம்மா, அத்தனை தூரத்துல ரத்தம் என்ன மிச்சம் இருக்கு? யாருக்கு என்ன கெட்டுப் போச்சு?"ன்னு. நான் விடுவேனா? ஏழுன்னா ஏழுதான், ஆறேமுக்கால்லாம் கிடையாது, நம்ம வீட்டுல அப்படி ஒரு பொண்ணு வந்தா வாசலைத் தாண்ட விடமாட்டேன்னேன். ஒரு வேகத்துல சொன்னதுதான். கரண்டியைக் கீழ வச்சிட்டு எழுந்து போனான். ஒரு கதைப் புத்தகத்துக்கு இவ்வளவு கோபமா?

அன்னியில இருந்து சாப்பாடு கேன்டீன்ல. பொண்ணைப் பத்திப் பேச்சே இல்ல. அவ விட்டுட்டுப் போயிட்டா போலன்னு நினைச்சுக்கறேன். எந்தப் பாவி மவ என் பிள்ளை மனசை உடைச்சாளோ, நேர்ல பார்த்தா அவ முடியை...

சரி, என் புலம்பல் எதுக்கு உனக்கு. நீ எந்த ஊரு, யார் வீட்டுப் பொண்ணு? உன் ஏழு பேரைச் சொல்லு பார்க்கலாம். சும்மாதான், சாயம் ஊறற வரைக்கும். இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு மூணைத் தாண்டாது. என்ன தயக்கம், தெரியாதா? தெரியுமா? அப்ப சொல்லு.

பொலாட்... காசிம்... ஒமார்... ம்... ஜூனிஸ்... துலெப்... அடேயப்பா, நல்லா சொல்றியே... பைகாரா... ஏழாவது?

என்னது?

இன்னொரு தடவை சொல்லு. இரு, எசிர்... அய்யோ, நான் சொல்லக் கூடாது. மாமனார் வழிப் பெரியவங்க பேரு மருமகள் வாயில வரக் கூடாதுன்னு வச்சிருக்காங்களே. என் வீட்டுக்காரர் வரிசையில அவர் இருக்கார்மா. என் பையனுக்கு ஏழாவது. நான் அவரை ஒத்தைக் காது தாத்தான்னுதான் சொல்வேன், ஓநாய் கடிச்சு ஒரு காது போச்சாம். உங்க வீட்டுலயும் அந்த ஓநாய்க் கதை உண்டா? உண்டா! அப்ப அவரேதான், சந்தேகமே இல்ல!

அப்ப நீ எங்க வீட்டுப் பொண்ணு! இவ்வளவு நேரம் யாரோன்னு நினைச்சுக்கிட்டு இருக்கேன். எனக்குப் பொண்ணு இல்லையேன்னு எத்தனை வருஷம் ஏங்கியிருக்கேன், நாற்காலியில வந்து உட்கார்ந்திருக்க. சஞ்சருக்குத் தங்கச்சி முறை நீ. இரு, இப்பவே அவனைக் கூப்பிட்டுச் சொல்றேன். ஒரு தங்கச்சி கிடைச்சிருக்காடான்னா கொஞ்சமாவது சிரிப்பான். போன் எங்க வச்சேன்...

ஏம்மா கையைப் பிடிக்கற? என்ன... எடுக்க மாட்டானா? இன்னிக்கு ஷிஃப்ட் மாத்திக்கிட்டானா? சாயங்காலம்தான் வெளிய வருவானா? ஓ. என்கிட்ட சொல்லவே இல்ல பாரு, எனக்குத் தெரியாது...

எனக்கே தெரியாது. உனக்கு எப்படித் தெரியும்?

...

அகெர்கே. என்னைப் பாரு. கண்ணாடியில இல்ல, என்னை.

நீ முடிக்கு வரலை.

...எத்தனை நாளா? ரெண்டு வருஷமா. ரெண்டு வருஷமா என் பிள்ளை... உங்களுக்குத் தெரியாதா, ஏழாவதுன்னு? தெரியாதா. எப்பத் தெரிஞ்சுது?

நான் எழுதினதைப் படிச்சிட்டு எண்ணிப் பார்த்தீங்களா. விளையாட்டா எண்ணிப் பார்த்தீங்களா... சிரிச்சுக்கிட்டே.

கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன்மா.

நீ எதுக்கு வந்த, சண்டை போடவா? போடு. என்னைத் திட்டிக் கட்டின அந்தப் பாட்டையாவது பாடு. ...அஸ்தானாவுக்கா? வேலைக்கு? என்னிக்கு? திங்கக்கிழமை. போறதுக்கு முன்னாடி அவன் அம்மா எப்படி இருப்பாங்கன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு. அவனுக்குத் தெரியாது, நீ இங்க வந்தது. ம்.

பார்த்துட்ட இல்ல? இப்படித்தான் இருப்பா. வாய் மட்டும்தான் பெருசு.

எழுந்திருக்காத. எங்க போற? அந்தத் துணியைக் கழட்டாத. மைனஸ் இருபத்தஞ்சு குளிர்ல சாயத் தலையோட வெளிய போனா முடி ஒடிஞ்சு கையில வரும். உட்காருன்னா உட்காரு. வா, இப்படிச் சாய்ஞ்சுக்கோ, தண்ணி சூடா இருக்கா? கண்ணை மூடிக்கோ. நீ அழுதா அழு, தண்ணியோட போயிடும். நானும் அப்படித்தான்.

எனக்கு பயமா இருக்கும்மா. அவன் என் முகத்தைப் பார்த்தே மாசம் ஆகுது. ஒரே பிள்ளை எனக்கு.

...

அந்த வரிசையைத் திரும்பச் சொல்லு. மெதுவா. அப்பாவுல இருந்து. ...துலெப். நிறுத்து. துலெப்புக்கு அப்புறம் யாரு? பைகாராவா? யார் சொன்னா? உங்க தாத்தா சொன்னார். அவருக்கு யார் சொன்னா? அவங்க தாத்தா. அவருக்கு வயசான காலத்துல நடுவுல ஒருத்தர் மறந்து போயிருக்க மாட்டாரா? எத்தனை பஞ்சம், எத்தனை ஓட்டம், எத்தனை பேர் பேரு காத்தோட போயிருக்கும். ஒருத்தர் விட்டுப் போச்சும்மா. நான் சொல்றேன், விட்டுப் போச்சு. துலெப்புக்கும் பைகாராவுக்கும் நடுவுல ஒருத்தர் இருந்தார். நல்ல மனுஷர். அதிகம் பேச மாட்டார், அதனாலதான் யாருக்கும் ஞாபகம் இல்ல.

சிரிக்காத. சோப்பு வாய்ல போகும்.

எங்க பக்கமும் ஒருத்தர் விட்டுப் போயிருக்கார். என் வீட்டுக்காரரைப் பத்திக் கவலைப்படாத. அவருக்கு அஞ்சைத் தாண்டினா தடுமாறும், விருந்தாளிங்க முன்னாடி என் முகத்தைத்தான் பார்ப்பார். பேர் சொல்லக் கூடாதே, நான் காதைத் தொட்டுக் காட்டுவேன், அவர் ஒத்தைக் காது தாத்தா பேரைச் சொல்லிடுவார். இனிமே அதுக்கு முன்னாடி, விட்டுப் போனவருக்காக மூக்கையும் ஒரு தடவை தொட்டுக்கறேன். நெட்டுல அந்த நாலாயிரம் பேரா? அவங்க வாத்தைப் பார்த்துக்கட்டும்.

பொய்தான். தெரியும்மா பொய்னு. ஏழுன்னா ஏழுன்னு கத்தினவளும் நான்தான். அந்த வாய்தான் இப்ப எட்டுன்னு சொல்லுது. உனக்குக் கஷ்டமா இருந்தா நீ சொல்ல வேண்டாம், நான் சொல்லிக்கறேன், அந்தப் பாவம் என் தலையில ஏறட்டும்.

காதைத் துடைச்சு விடறேன், இப்படித் திரும்பு. மாமியார் தோடு போட்டு நிச்சயம் பண்ணப் போற காது, சாயக் கறையோட இருக்கக் கூடாது.

ஒரே ஒரு வேலை உன்னால ஆகணும். எங்க பக்கத்து மனுஷருக்குப் பேர் வேணும். நான் வைக்க முடியாது, மாமனார் வழி ஆச்சே, வாயில வரக் கூடாது. நீ இன்னும் மருமகள் ஆகலை, நீ சொல்லலாம். இன்னிக்கு விட்டா அப்புறம் உனக்கும் வாய் கட்டிடும். யோசிச்சு நல்ல பேரா வைம்மா. நாளைக்கு உன் பிள்ளைங்க அதைச் சொல்லித்தான் வளரணும்.