இரண்டாவது சுற்று

காப்பிக்கு நன்றி ஐயா. தூளில் புளியங்கொட்டை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது. உங்கள் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சரக்குப் போடுவது என் கடைதான், அதனால் நான் குறை சொல்வது முறையாகாது.

ஏரம்பமூர்த்தி விஷயம் முடிந்துபோனது என்றீர்கள். வெள்ளத்தில் போனார், கயிற்றில் வெட்டு இல்லை, அறுந்த இடமும் இல்லை, விபத்து என்று எழுதி மூடியாயிற்று. அதைத் திறக்கச் சொல்லி நானே நடந்து வந்திருக்கிறேன். ஏனென்று சொல்கிறேன். அதற்கு முன் தூண்டிலைப் பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் உங்களுக்குக் குற்றமும் புரியாது, என் பக்கத்து நியாயமும் புரியாது.

துரைமார் தூண்டிலில் புழு கிடையாது. கோழி இறகில் கட்டிய பொய் ஈ. அதை எட்டி வீசக் கனமான பட்டுக் கயிறு வேண்டும். கனமான கயிற்றை மீன் பார்த்துவிடும். அதனால் கயிற்றின் முனையில் ஆளுயரத்துக்கு மேல் மெல்லிய நரம்பு சேர்ப்பார்கள். பட்டுப்புழுவின் வயிற்றிலிருந்து இழுத்த நரம்பு. சிங்கப்பூரிலிருந்து தருவித்து நம் கோத்தா திங்கி ஊரில் விற்பது நான் ஒருவன்தான். காய்ந்த நரம்பு ஒடியும், ஊறவைத்துத்தான் கட்ட வேண்டும். இதெல்லாம் துரைமாருக்கும் தெரியும். தடித்ததையும் மெல்லியதையும் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் அவர்கள் தடுமாறுவார்கள்.

சாதாரண முடிச்சுப் போட்டால் கொட்டைப்பாக்குப் போலத் திரண்டு, கம்பின் வளையத்தில் மாட்டும். இரண்டு பக்கமும் நுனியை மடித்துக் காது வைத்துக் கோத்தால் தண்ணீரில் தொப்பென்று விழும், சிபாராவ் மீன் அடுத்த மடுவுக்குப் போய்விடும். நான் போடுவது வேறு. நரம்பின் நுனியில் மட்டும் ஒரு காது. கயிற்றை அதற்குள் நுழைத்து, காதின் கழுத்தைச் சுற்றி, தன் அடியிலேயே செருகி இழுக்க வேண்டும். கழுத்தை இரண்டு தரம் சுற்ற வேண்டும். ஒரு சுற்றிலும் பிடிக்கும், விறைப்பாக இருக்கிறவரை. தளர்ந்து, உதறி, மறுபடியும் தளர்ந்தால் தானாகவே கழன்றுகொள்ளும். அறுந்த அடையாளம் எதுவும் இருக்காது.

இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் கடைத்தெருவில் வளர்ந்தவன். பால் குடிக்கவே பேரம் பேசிய பிள்ளை என்று அம்மா சொல்வாள். ஊருக்கு நான் கடைக்காரர். தோட்டத்துத் துரைக்குக் 'கடைக்காரா'. கூலிக்காரர்களுக்கு முதலாளி, முதுகுக்குப் பின்னால் வேறு என்னவோ. அய்யாவு என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் ஏரம்பமூர்த்தி ஒருவர்தான். யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்தில் பெரிய கிராணி, கணக்கெல்லாம் அவர் எழுதுவதுதான், துரைக்கு வலக்கை. ஞாயிற்றுக்கிழமைகளில் இருவருமாக நீர்வீழ்ச்சிக்குக் கீழே உள்ள மடுவுக்குப் போவோம். அவருடைய மனைவி செல்லப்பாக்கியம் கட்டிக் கொடுக்கும் இடியப்பத்தைப் பாறைமேல் உட்கார்ந்து தின்போம். எனக்கு வேறு சிநேகிதர் இல்லை.

அவருக்குத்தான் அந்த முடிச்சைக் காட்டினேன். ஒரு சுற்றோடு காட்டினேன். சந்தேகத்தால் அல்ல, பழக்கத்தால். எந்த வியாபாரியும் முழுச் சரக்கையும் மேசையில் பரப்ப மாட்டான். யாருக்கும் காட்ட வேண்டாம், ஒருநாள் துரை கடைக்கு வரும்போது நானே கட்டிக் காட்டப் போகிறேன் என்றும் சொன்னேன். என் ஆசை பெரிதில்லை. அன்றைக்காவது அவர் என் பெயரைக் கேட்பார் என்று நினைத்தேன்.

துரை கடைக்கு வந்தார். நரம்பு வாங்க வந்தவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். "கடைக்காரா, இது பாரு," என்று என் மேசையில், என் சரக்கை எடுத்து, என் தண்ணீர்க் குவளையில் ஊறவைத்து, என் முடிச்சை எனக்கே கட்டிக் காட்டினார். "மூர்த்தி முடிச்சு. மூர்த்தி கெட்டிக்காரன்."

ரொம்ப அழகாக இருக்கிறது துரை என்றேன். வேறென்ன சொல்ல. ஒரே சுற்றுத்தான் போட்டிருந்தார். அதை நான் சொல்லவில்லை.

அடுத்த ஞாயிறு மடுவில் மூர்த்தியிடம் கேட்டேன். மழைக்காலம், ஆறு பழுப்பாக ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன காணும் அய்யாவு, முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்?"

"அது உங்க முடிச்சுன்னு துரை சொல்றாரே, கிராணியாரே."

"ஓம். என்ன மாதிரிக் கட்டுறதெண்டு கேட்டவர், நான் காட்டினனான். தானாத்தான் பேர் வைச்சவர்."

"என் பேரை ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்."

"முடிச்சுக்கு ஆர் காணும் சொந்தக்காரர்? கடையிலை கிடக்கிற சாமான் காணாதெண்டு இதையும் விலை போட்டுத் தொங்கவிடப் போறீரோ?" என்று சிரித்தார். நல்ல நகைச்சுவைதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், ஐயா. கொஞ்சம் பேரம் பேசிவிட்டுக் கொடுத்திருப்பேன். கேட்காமல் எடுத்ததுதான்.

வெள்ள நாட்களில் ஆற்றில் இறங்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. கரையில் மரத்தில் தடித்த கயிறு. இடுப்பில் மெல்லிய கயிறு, தடித்தது நனைந்தால் ஆளையே இழுக்கும் என்பதால். இரண்டையும் சேர்க்க அதே முடிச்சு. எப்போதும் நான்தான் போடுவேன், இரண்டு சுற்றுப் போடுவேன். அவர் அந்த நேரம் டப்பாவில் ஈ தேடிக்கொண்டிருப்பார், என் கையைப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை.

அன்றைக்குக் கயிறுகளை அவர் பக்கம் நீட்டினேன். "இன்னைக்கு நீங்களே கட்டுங்க. உங்க முடிச்சுதானே."

"ஓகோ, கோவமோ? கட்டுறன், கட்டுறன்." கட்டினார். சுத்தமான வேலை, ஒரு சுற்று. "நீர் ஒருக்கா இழுத்துப் பாரும்."

இழுத்துப் பார்த்தேன். பிடித்தது.

"நல்லாத்தான் இருக்கு. போங்க," என்றேன்.

இடுப்பளவு தண்ணீரில் நின்று நன்றாகத்தான் வீசினார். பிறகு கால் வழுக்கியது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். கயிறு விறைத்தது, தளர்ந்தது, விறைத்தது. அப்புறம் தளர்ந்தே கிடந்தது. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், அதையும் எழுதிக்கொள்ளுங்கள். கரையில் நீண்ட மூங்கில் ஒன்று கிடந்தது. எட்டியிருக்கலாம், எட்டாமலும் போயிருக்கலாம். நான் முடிச்சு இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் எதிர்பார்த்தபடியே, ஒரு நூல் கூடப் பிரியாமல் கழன்றிருந்தது.

கோடித்துணி என் கடையிலிருந்துதான் போயிற்று. லாபம் வைக்கவில்லை. செல்லப்பாக்கியம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்கள் பக்கத்திலை நிண்டும் அவருக்கு இப்பிடி ஆச்சே," என்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, பொய்யில்லை. நான் இழந்தது சாதாரணச் சிநேகிதத்தை அல்ல.

இதோடு விட்டிருப்பேன். நேற்று துரை பங்களாவில் ஒரு சின்ன விருந்து. என்னையும் வரச் சொன்னார்கள், சோடாப் பெட்டி இறக்க. வரவேற்பறைச் சுவரில் ஒரு கண்ணாடிச் சட்டம் மாட்டியிருந்தது. உள்ளே பச்சை வெல்வெட்டில் பட்டுக் கயிறும் நரம்பும் ஒரே சுற்றில் சேர்த்த முடிச்சு. கீழே பித்தளைத் தகட்டில் மூர்த்தியின் பெயர், அவர் நினைவாக என்று. செத்த பிறகும் அவர் என் முடிச்சை வைத்திருக்கிறார்.

பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "துரை, அது என் முடிச்சு," என்றேன்.

துரை சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "கடைக்காரா, நீ எது பாத்தாலும் உன் சரக்கு சொல்லுது."

அதனால்தான் இங்கே வந்தேன். என்னிடம் சாட்சி இல்லை, ஆனால் ஆதாரம் இருக்கிறது. கண்ணாடிக்குள் இருப்பதை எடுத்து நாலு தரம் உதறிப் பாருங்கள், கழன்றுவிடும். அப்புறம் என் கையில் கயிற்றைக் கொடுங்கள், நான் கட்டுவதை உதறிப் பாருங்கள். முழு முடிச்சும் யாரிடம் இருந்தது, யார் பாதியை வைத்துக்கொண்டு செத்தார் என்று துரைக்கே விளங்கும். மூர்த்தியைக் கொன்றது நான்தான் என்பதும் அதிலேயே விளங்கிவிடும். அதை மறைத்து இதை மட்டும் நிரூபிக்க வழி இருக்கிறதா என்று இரவெல்லாம் யோசித்தேன். இல்லை. விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் சரக்கு என்னுடையது.

யார் சொல்லிக் கொடுத்தது என்கிறீர்களா. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, நான் வாங்கினேன். ஆற்றோரக் கம்பத்தில், அந்த மலாய்க் கிராமத்தில், வலை பின்னும் அம்மா ஒருத்தி. ஒரு வலையை அடித்துப் பேசிப் பாதி விலைக்கு வாங்கிவிட்டு, வழக்கம்போலக் கொசுறு கேட்டேன். கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை. யோசித்துவிட்டு, கையில் ஓடிக்கொண்டிருந்த முடிச்சைக் காட்டினாள். சரி என்று வாங்கிக்கொண்டு நடந்தேன். படகுத்துறைக்கே வந்துவிட்டேன், பின்னாலேயே ஓடி வருகிறாள், மூச்சு இரைக்க. "டுவா காலி, தவ்கே, டுவா காலி." இரண்டு தரம் சுற்ற வேண்டும் முதலாளி என்று. முதலில் காட்டும்போது ஒரு சுற்றை விட்டுவிட்டாளாம், யாருக்காவது ஆபத்தாகிவிடுமாம். என் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கி இரண்டாவது சுற்றையும் சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனாள். கொசுறுக்காக அத்தனை தூரம் ஓடி வந்தாள். வியாபாரம் தெரியாதவள்.

அவள் பெயரா. அதைக் கேட்கவில்லை, ஐயா. என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அய்யாவு. சின்னப் பெயர்தான், அந்தப் பித்தளைத் தகட்டில் தாராளமாகப் பிடிக்கும்.