மச்சானின் ஓயாத வாய்

பாய்க்காரன்: …அதான் மாமா, பாய்மரத்துப் பெரிய பாய் மேல் மூலையில படபடங்குது. கோவிச்சுக்கிட்ட பொண்டாட்டி மாதிரி.

சுக்கானி: சுக்கானக் கொஞ்சம் திருப்புறேன்… இப்ப?

பாய்க்காரன்: இப்ப சமாதானம். உங்க தொந்தி கணக்கா நல்லா உப்பிட்டு நிக்குது.

சுக்கானி: என் தொந்தி உங்கக்கா வளர்த்தது. நீ முன்பாயச் சொல்லு.

பாய்க்காரன்: அதுக்கென்ன, தூங்கி வழியுது. ஒரு இழு இழுத்தா…

கேப்டன்: மாமனும் மச்சானும் கதைய நிறுத்துங்க. துறைமுக வாசல் வந்தாச்சு. ரெண்டு பக்கமும் பாறை.

பாய்க்காரன்: கதை இல்லீங்க கேப்டன், சும்மா…

கேப்டன்: சும்மாவும் வேணாம். வாய மூடிட்டுக் கயித்தப் பிடி. சுக்கானி, நேரா விடு.

சுக்கானி: சரிங்க…

கேப்டன்: காத்து மாறுது. பாயப் பாத்துக்க.

சுக்கானி: பாத்துட்டுதான்…

கேப்டன்: எங்கய்யா பாக்குற? காத்து பாய்க்குப் பின்னால வருது. சுக்கானி… யோவ், சுக்கானி…

பாய்க்காரன்: மாமா, பாயோட ஓரம் மடங்குது. பாயக் கட்டியிருக்கற கட்டை இந்தப் பக்கம் அடிக்கப் போகுது. சுக்கான இடது பக்கம் ஒடிங்க. இன்னும்… இன்னும் கொஞ்சம்… போதும். அப்படியே நிறுத்துங்க. கயித்த நான் இறுக்கிட்டேன்.

சுக்கானி: பாய்?

பாய்க்காரன்: நிறைஞ்சிடுச்சு மாமா. பாறை பின்னால போயிடுச்சு.

கேப்டன்: கப்பல் போயிருக்கும். பன்னெண்டு உசுரு. கயித்தத் தளர விட்டது யாரு?

பாய்க்காரன்: …நான்தாங்க.

சுக்கானி: இவன் விடல.

பாய்க்காரன்: மாமா, நீங்க சும்மா இருங்க.

கேப்டன்: வாயில இருக்கற சுறுசுறுப்பு கையில இல்ல உனக்கு. நாளையில இருந்து சமையலறைக்குப் போ. பாய் பக்கம் உன்னைப் பாக்கக் கூடாது.

பாய்க்காரன்: சரிங்க கேப்டன்.

சுக்கானி: என்னடா சரி? எட்டு வருசமா பாய் கட்டுற கை…

பாய்க்காரன்: மாமா, வேணாம். அக்காவ நினைச்சுக்கங்க.

கேப்டன்: மச்சானுக்குப் பரிஞ்சு பேசாதய்யா. நீ சுக்கானப் பாரு.

சுக்கானி: பரிஞ்சு பேசல, கேப்டன். சுக்கானுக்கு வேற ஆளப் போடுங்க. மழைக்காலத்துல இருந்தே எனக்குப் பாய் வெறும் வெள்ளைப் புகையாத்தான் தெரியுது… இவன் சொல்லச் சொல்லத்தான் ஓட்டிட்டு வந்தேன்.